பச்சை ஒட்டு

ஸ்ரீவித்யா அக்கா தன் போனைத் தையல் மெஷின் மேல், ஊசிக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

"பாரு சுபத்ரா, நம்ம பெருங்களத்தூர்தான். பட்டப்பகல்ல என்னா கூத்து!"

ஏரியா வாட்ஸப் குரூப்பில் வந்த வீடியோ. ஏதோ ஒரு ஸ்பா, வாசலில் போலீஸ் வேன். நான்கு பெண்கள் ஷாலால் முகத்தை மூடிக்கொண்டு ஏறுகிறார்கள். கீழே 'அழகிகள் மீட்பு' என்று போட்டிருந்தது. அங்கே வந்து போன ஆம்பளைகள் ஒருத்தனைக்கூட வீடியோவில் காணோம்.

மூன்றாவதாகப் போகிறவள் மஞ்சள் சுடிதார். இடது கையில், முழங்கைக்குக் கீழே, பச்சைப் பூப்போட்ட ஒட்டு.

என் தங்கை தீபா.

எனக்கு முகம் எதற்கு? அதைத் தைத்ததே நான்தான். துணி ஒரு சாண் போதவில்லை, கையில் ஒட்டுப் போட்டேன். அந்தப் பச்சைத் துணி, சொன்னால் வெட்கக்கேடு, ஸ்ரீவித்யா அக்கா தைக்கக் கொடுத்ததில் மிச்சம். மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிற தையல்காரி அஸ்தினாபுரத்தில் எவளும் கிடையாது.

ரிசப்ஷன் வேலை என்று சொல்லித்தான் தீபாவைக் கூட்டிப் போனார்கள். மூன்று மாதம் ஆகிறது. காட்டாங்குளத்தூரில் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பொய் நின்றால்தான் அவள் இந்தத் தெருவுக்குத் திரும்பி வர முடியும்.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இன்றைக்குப் பார்த்து அவளுக்கு அவசரம் எதுவும் இல்லை.

அவள் தம்பி ஜெர்மனியில் இருக்கிறான். அங்கே இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் உண்டாம், வரிகூடக் கட்டுவார்களாம். அந்த ஊர் பஸ், ரயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அது அவங்க ஊரு, என்னவோ பண்ணிட்டுப் போகட்டும். நம்ம பொண்ணுங்களுக்கு எங்க போச்சு புத்தி? வளர்த்தவங்களைச் சொல்லணும்."

அம்மா செத்து எட்டு வருஷம். வளர்த்தவள் நான்தான்.

அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

"இரு இரு. இந்தப் பச்சைப் பூ... என்கிட்ட ஒண்ணு இருக்குல்ல? நீதானே தெச்சே?"

கால் தானாகப் பெடலை அழுத்த, துணி இல்லாமலே மெஷின் கடகடவென்று ஓடியது.

"தாம்பரம் மார்க்கெட்ல ரோல் ரோலா கிடக்குதுக்கா. ஊர்ல பாதிப் பேரு அதைத்தான் போட்டுட்டுச் சுத்தறாங்க."

நம்பிவிட்டாள். முகத்தை மட்டும் சுளித்தாள்.

"சீ, இனிமே அதை நான் தொட மாட்டேன். உன் தங்கச்சி மாதிரி அடக்கமா இருக்கணும் பொண்ணுன்னா."

தைத்த ஜாக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். வீடியோவை இன்னும் இரண்டு குரூப்புக்கு அனுப்பிவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனாள்.

பொங்கலன்று அந்த மஞ்சள் சுடிதாரைப் போட்டுக்கொண்டுதான் தீபா தெரு முழுக்கச் சுற்றி வந்தாள். அக்கா அன்றைக்கு ஊரில் இல்லை. மற்ற எல்லோரும் இருந்தார்கள்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துணிக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

போன வாரம் யார் போனிலிருந்தோ தீபா கூப்பிட்டாள். ஆதாரைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், வெளியே விட மாட்டேன் என்கிறார்கள், எப்படியாவது என்னைக் கூட்டிக்கொண்டு போ அக்கா என்று கெஞ்சினாள்.

நான்தான் போலீசுக்குச் சொன்னேன்.

"பேரு வெளிய வராதும்மா," என்றார்கள். வரவில்லைதான். அத்தனை பேரில் என் தங்கை யார் என்று தெரிய ஓர் அடையாளம் கேட்டார்கள்.

நேற்று தீபா மறுபடி கூப்பிட்டபோது சொன்னேன். நாளைக்கு அந்த மஞ்சள் சுடிதாரைப் போட்டுக்கோடி, அந்தக் கையை எங்கே பார்த்தாலும் நீதான்னு தெரிஞ்சிடும்.