வியாழக்கிழமை பஸ்

"எங்கே போயிட்டு வரேள்ப்பா?"

"பெருமாளைச் சேவிச்சுட்டு வரேம்மா." சௌரிராஜன் மகளின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

கழற்றி மாட்டிய சட்டையின் பையிலிருந்து பஸ் டிக்கெட் ஒன்று எட்டிப் பார்த்தது. பதினைந்து நயா பைசா. ஸ்ரீரங்கத்துக்குள்ளேயே இருக்கும் கோயிலுக்கு எதற்கு பஸ்? போன வியாழக்கிழமையும் இதே பதில், இதே மாதிரி டிக்கெட்.

வத்ஸலா டிக்கெட்டைப் பழையபடி பைக்குள் தள்ளினாள்.

அம்மா காலமானதும் நாலு மாதம் யாரிடமும் பேசாமல், சாப்பிடாமல் கிடந்தவர் அப்பா. ஒருநாள் காவேரியில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றவரைப் பரிசல்கார வீரமலைதான் கரையேற்றினார். அன்றிலிருந்து இரண்டு வருஷமாக அவள் அவரைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. வீட்டுக்கு வந்தால் சமையல், மருந்து, காவல். வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தாள்.

"ரெண்டு நாள் லீவு போட்டுட்டு நன்னாத் தூங்கேன்" என்று அவர் சொன்னாலும் எரிந்து விழுவாள். "நான் படுத்துண்டா உங்களை யார் பார்த்துப்பா?"

அடுத்த வியாழன். வேலைக்குப் போவதுபோல் கிளம்பித் தெருமுனையில் மறைந்து நின்றாள். பத்து மணிக்கு அப்பா வந்தார். அவர் பஸ்ஸின் முன்வாசலில் ஏற, இவள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பின்வாசலில் ஏறினாள்.

காவேரிப் பாலம் வந்தது. 'ரங்கநாதா, இங்கே மட்டும் இறங்கிடக் கூடாது!'

இறங்கவில்லை. தெப்பக்குளம் ஸ்டாப்பில் இறங்கி, ஒரு சந்துக்குள் நுழைந்து, பலகை மாட்டிய ஒரு வீட்டுக்குள் போனார். 'டாக்டர் அடைக்கலம், மனோவியாதி நிபுணர்.'

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மறுபடியும் ஆரம்பித்துவிட்டதா? என்னிடம் ஏன் மறைக்கிறார்? கதவுத் திரை ஓரமாக நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"இப்ப எப்படிங்க இருக்கு?" டாக்டரின் குரல்.

"இன்னும் மோசம்தான் டாக்டர். தூக்கமே இல்லை. சாதம் இறங்கலை. ஏதாவது கேட்டா எரிச்சல். தனியா இருந்தா அழுகை."

வத்ஸலா வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நடந்திருக்கிறது, பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லையே!

"உங்க மகளைக் கூட்டிட்டு வாங்கன்னு அன்னிக்கே சொன்னேனே."

"கூப்பிட்டா வரமாட்டா டாக்டர். ஊரெல்லாம் வியாதின்னாலும் தனக்கு ஒண்ணுமில்லைம்பா. அதான் மூணு வாரமா அவளை நானே சந்தேகப்பட வெச்சேன்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரையை மெல்ல விலக்கிய சௌரிராஜன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர், உங்க பேஷன்ட் வந்துட்டா."