எண்ணூற்றுப் பத்து டன்

"நூத்தி நாப்பத்திரண்டு சென்டி," என்றாள் செல்லாயி, கடைசி மரத்தைச் சுற்றிப் பிடித்த நாடாவைப் பார்த்து.

அரசாங்க அதிகாரி ஜெயபாலன் நோட்டில் நூற்று அறுபத்திரண்டு என்று எழுதினான். கால்குலேட்டரைத் தட்டி, அடியில் மொத்தம் போட்டான்: 810 டன்.

பின்னால் நின்ற மாயாண்டி பார்த்துவிட்டார். முப்பது வருஷத் தொழிற்சங்கக் கண்.

"என்ன தம்பி கணக்கு இது?"

"மரங்களோட எடை, ஐயா. அது தெரிஞ்சா இந்தக் காடு ஈப்போ டவுனுக்கு எவ்வளவு நிழல் குடுக்குது, எவ்வளவு தூசியைப் பிடிக்குதுன்னு சொல்லலாம்."

"மரத்தோட சேவைக்குக் கணக்கா! நாப்பது வருஷம் ரப்பர்ப் பால் வெட்டுனவங்க சேவைக்கு எவன்லா நாடா புடிச்சான்?"

தொழிலாளர் லயத்துச் சனம் சிரித்தது. ரப்பர்த் தோட்டம் மூடிப் பத்து வருஷம். மரங்கள் காடாகிவிட்டன. நடுவில் இருந்த பதினாறு குடும்பமும் என்றைக்கு விரட்டுவார்களோ என்று காத்திருந்தது.

"சரி, ஒவ்வொரு மரத்துலயும் இருபது சென்டி ஏன் கூடுது?"

ஜெயபாலன் ஜீப்பிலிருந்த மேலதிகாரியைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"இப்ப கேக்காதீங்க ஐயா. அப்புறம் வந்து சொல்றேன்."

"என்னத்தச் சொல்லுவ? நீ தோட்டத்துக் கணக்கெழுதுன கிராணி மகன்தானே! உங்கப்பன் எங்க பாலைக் குறைச்சு நிறுத்துத் திருடினான். நீ மரத்தைக் கூட்டி எழுதுற. எடை கூடுனா வெட்டி விக்கிற பலகை கூடும், உனக்குக் கமிஷன் கூடும்!"

"விடுங்கண்ணே," என்றாள் செல்லாயி. "நல்ல புள்ளயா தெரியுது."

"நீ நாடாவைச் சுத்துலா."

மறுநாளே மாயாண்டியின் துண்டறிக்கை வந்தது. முந்நூறு பிரதி. ஒன்று மந்திரி அலுவலகத்துக்கும் போனது.

வெற்றி! ஜெயபாலனைக் கோலா கங்சாருக்குத் தூக்கி அடித்தார்கள். புது அதிகாரிகள் வந்து ஒவ்வொரு மரத்தையும் மறுபடி அளந்தார்கள். இம்முறை நாடாவைப் பிடித்தவர் மாயாண்டி. ஒரு சென்டிகூட ஏற விடவில்லை. சனம் அவருக்கு மாலை போட்டது.

இரண்டு மாதம் கழித்து அரசாங்கக் கடிதம் வந்தது. மாயாண்டி எல்லாரையும் கூட்டி வைத்து, மலாய்க் கடிதத்தைத் தமிழில் சொல்லத் தொடங்கினார்.

"காட்டின் எடை அறுநூற்று நாப்பது டன். எண்ணூறு டன் இருந்திருந்தால் காட்டையும் அதிலுள்ள வீடுகளையும் அப்படியே விட்டிருப்போம். இல்லாததால் நிலம் வீடமைப்புக்குப் போகிறது. முப்பது நாளில் காலி..."



"அந்தப் புள்ள எவ்வளவுண்ணே எழுதியிருந்திச்சு?" என்றாள் செல்லாயி.

மாயாண்டி கடிதத்தை மடித்தார். அவள் சுவரைப் பார்த்தாள். அவரே பசை தடவி ஒட்டிய துண்டறிக்கை இன்னும் இருந்தது. கொட்டை எழுத்தில் தலைப்பு:

'எண்ணூற்றுப் பத்து டன்னாம்! நம்மை ஏமாற்றப் பார்க்கிறான் கிராணி மகன்!'