மாடிக்கு மட்டும் தடை

"அவசரம் தம்பி! ஒரே ஒரு தாள் அச்சடிக்கணும். மாடியில இருந்து நான் கத்துறதை, கீழே இருக்கிற பிரிண்டர் காதுலயே வாங்க மாட்டேங்குது."

காலையிலிருந்து பெரியவர் லூபென் நாலாவது தடவையாகப் போன் செய்துவிட்டார். கப்ரோவோவில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் சரிசெய்யும் யாவோர், மற்ற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

வயர், வைஃபை எல்லாம் ஒழுங்கு. பிரிண்டர், கீழே மகள் நெவெனாவின் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தது. அதன் ஃபயர்வாலைத் திறந்ததும் அவனுக்குச் சுருக்கென்றது. மாடிக் கம்ப்யூட்டரை மட்டும் உள்ளே விடாதபடி யாரோ வேண்டுமென்றே தடை போட்டிருந்தார்கள்.

பெற்ற அப்பாவுக்கே பூட்டா? குளிர்காலத்தில் பூனை உள்ளே வந்ததும் கதவைச் சீக்கிரம் சாத்தினால் சூடு மிச்சமாகும் என்று அதன் வாலையே நறுக்கிய கஞ்ச ஊர் என்று கப்ரோவோவைக் கிண்டல் செய்வார்கள். சும்மா சொல்லவில்லை போலிருக்கிறது. எரிச்சலோடு தடையை எடுத்துவிட்டான்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த நெவெனா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயோ, அதையா எடுத்தீங்க?"

"அப்பா ஒரு தாள் அடிச்சா உங்க மை வத்திப் போயிடுமாங்க?"

அதற்குள் பிரிண்டர் தாளைத் தள்ளியது. கறுப்புக் கட்டம். நடுவே சிரிக்கும் ஒரு பெண்மணி. 'என் மனைவி சோன்கா இன்று விடிகாலை காலமானாள்.' கதவிலும் மரத்திலும் ஒட்டுகிற சாவு அறிவிப்பு.

யாவோர் தாளைக் கையில் எடுத்தான். "இன்னிக்கா... அம்மா?"

"அம்மா போய் மூணு வருஷமாச்சு. அப்பாவுக்கு ஞாபகம் தப்பிடுச்சு. தினமும் காலையில, அம்மா இப்பதான் செத்தாங்கன்னு எழுந்திரிக்கிறார். இதைத் தெருவெல்லாம் ஒட்டிட்டு, கறுப்புக் கோட்டு போட்டு வாசல்ல உட்காருவார். யார் வருவாங்க? 'அவளுக்கு ஒரு பூ வைக்கக்கூட ஆள் இல்லையே'ன்னு அழுவார் பாருங்க..." நெவெனா மாடிப்படியை எட்டிப் பார்த்தாள். "பிரிண்டர் ஓடலைன்னா அதைத் திட்டியே பொழுது போயிடும். சாயங்காலம் எல்லாத்தையும் மறந்துட்டு சூப் குடிப்பார்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம். பெரியவர் பசை டப்பாவோடு இறங்கி வந்தார்.

"வந்துடுச்சா தம்பி?"

யாவோர் தாளை மடித்துச் சட்டைக்குள் திணித்துக்கொண்டான்.

"இல்லீங்க ஐயா. எனக்குப் பிடிபடலை."

"பிடிபடலையா? வேலை தெரியாத பயலுக்கு எதுக்குய்யா பையும் கருவியும்? உன்னையெல்லாம் எவன்யா..."

யாவோர் குனிந்து மறுபடியும் தடையைப் போட்டான். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"இன்னும் நல்லாத் திட்டுங்க ஐயா."