காயலில் ஒரு தறி முடிச்சு

ஜனவரி 18, ஞாயிறு. தவறு சரண்யாவுடையதுதான். கொச்சி போகும் வழியில், அவளும் கணவனும் குடியிருக்கும் பாய்மரப் படகைக் கரைத் தென்னையில் கட்டக் கயிறு எட்டவில்லை. ஆரணித் தறியில் அறுந்த பட்டிழைக்குப் போடும் முடிச்சால் இரண்டு கயிறுகளை இணைத்தாள். இப்போது காயலில் நீரோட்டம் திரும்புகிறது. கயிறு தொய்ந்ததும் முடிச்சு நழுவுகிறது. மாலை வெயிலில் தென்னை மெல்ல விலகுகிறது. அடுப்பில் பால் தளும்புகிறது. "சரண், நம்ம வூடு போய்கினு கீது!" கணவன் பாலு, மீன்வலைக் கம்பத்தில் படகு மோதாதபடி மூங்கிலை ஊன்றித் தள்ளுகிறான். "தறியில இந்த முடிச்சு அவுந்ததே இல்லைங்க!" "தறி தண்ணியிலயா நிக்குது? ஜல்தியா நங்கூரத்த போடு!" சங்கிலி கடகடவென்று இறங்குகிறது. படகு ஒரு முறை இழுபட்டு நிற்கிறது. பாலு சிரிக்கிறான், அவள் பார்வை அதே முடிச்சால் கட்டிய பாய்க்கயிறு, ஏணி, விளக்கு என்று அலைகிறது. நாளைக் காலை, தான் போட்ட முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்து அவள் மறுபடி கட்ட வேண்டும்.