பாம்பில்லாத புத்தகம்

“கதைங்க நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா ஒரு இருளர் பொண்ணு எழுதின தொகுப்புல ஒரு பாம்புகூட இல்லைன்னா எப்படி?” என்றார் பதிப்பாளர் நீலமேகம்.

“எல்லாமே ஐ.டி. கம்பெனியில நடக்குற கதைங்க சார். நான் அம்பத்தூர்ல அப்படி ஒரு கம்பெனியிலதான் வேலை பாக்குறேன்,” என்றாள் கனிமலர்.

“வாசகர் ஏத்துக்க மாட்டாங்க. பாம்பு பிடிக்கிறது உங்க ரத்தத்துலயே ஊறினதாச்சே!”

“எனக்குப் பாம்புன்னாலே பயம் சார். எங்கப்பா ஆட்டோ ஓட்டுறாரு.”

அப்போது புத்தக அலமாரிக்கு அடியில் ஏதோ சரசரவென நெளிந்தது. பிறகு நீலமேகம் குரல் நடுங்கக் கெஞ்சினார்.

“அப்படிச் சொல்லாதம்மா. உன்னால முடியும். ஒரு முயற்சி பண்ணு!”

“பண்றேன் சார். ஆனா புத்தகத்துல ஒரு வரிகூட மாத்தக் கூடாது.”

“மாத்தல! எங்க கையெழுத்து போடணும், சொல்லு!”

கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பைக்குள் பத்திரப்படுத்திவிட்டு, கனிமலர் கைப்பேசியை எடுத்தாள்.

“ஹலோ, ஃபயர் சர்வீஸா? நூம்பல்ல ஒரு பதிப்பக ஆபீஸுக்குள்ள பாம்பு பூந்துடுச்சு சார். சீக்கிரம் வாங்க, நானும் ஓனரும் மேஜை மேல ஏறி நின்னுக்கினு இருக்கோம்!”