மூணு நாள் லீவு

“எழவு ஊட்டுல வாங்கன்னு சொல்லக்கூடாதுங்க சார்” என்று கதவோரம் நின்று விசும்பினாள் அகல்யா.

“அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம் அம்மிணி” என்றார் சின்னராஜ். பள்ளிபாளையத்துத் துணிக் கம்பெனி ஒன்றில் செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் அவர். அகல்யா அவருக்குக் கீழே ஆறு வருஷமாக வேலை பார்க்கிறாள். அம்மா ஆத்தாயி இறந்துவிட்டதாகக் காலையில் போன் செய்திருந்தாள். தலைக்கு மேல் வேலை கிடந்தும், மாலை வாங்கிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார்.

ஹெல்மெட்டை வாசற்படியில் வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். உள்ளே காலை வைத்தால் தலைக்குக் குளிக்காமல் கம்பெனிக்குப் போக முடியாது. பன்னிரண்டு மணிக்கு லோடு ஏற்ற வேண்டும். எட்டிப் பார்த்தார். பாயில் ஆத்தாயி, தலைமாட்டில் விளக்கு. வாய் திறக்காதபடி தாடையைச் சேர்த்து நாடிக்கட்டு கட்டி, நெற்றியில் காசு வைத்து, கழுத்து வரைக்கும் போர்த்தியிருந்தது.

“ஒருத்தரையும் காணோமே?”

“லைன் ஊட்டுக்காரங்க எல்லாரும் தறிக்குப் போயிட்டாங்க சார். சொந்தக்காரங்க சாயங்காலம் வந்துருவாங்க. எங்கூட்டுக்காரரு போர் போடற ரிக் வண்டியோட சத்தீஸ்கர்ல நிக்கறாரு.”

மாலையை அவள் கையில் கொடுத்தார். அதை அவள் அம்மாவின் மேல் போட்டாள்.

போன வாரம்தான் லீவு கேட்டாள். டாக்டர் கையை விரித்துவிட்டார், வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார், ஒரு பத்து நாள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று. அவர் என்ன சொன்னார்? “சீக்குக்கெல்லாம் லீவு குடுத்தா டேபிள்ல யாரு நிக்கறது? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அப்பச் சொல்லு, பாத்துக்கலாம்.”

ஆகிவிட்டது.

சீக்காளிக்குக் கஞ்சி ஊற்ற லீவு கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வோம், எழவு என்றால் மட்டும் மாலையும் கையுமாக வந்து நிற்போம். நம் ஊர் வழக்கம் அப்படி. சின்னராஜின் அம்மா போனபோது அவரும் ஷிப்டில்தான் இருந்தார். அவருக்கும் அதற்கப்புறம்தான் லீவு கொடுத்தார்கள்.

“என்னைய மன்னிச்சுரு அம்மிணி. கடைசி நேரத்துல உன்னையப் பக்கத்துல இருக்க உடாமப் பண்ணிட்டேன்.”

அகல்யா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

“சம்பளத்தோட மூணு நாளு லீவு போட்டுர்றேன். நீ எதையும் நெனைக்காத.”

“மூணு நாளுதானுங்களா சார்?”

“எல்லாருக்கும் அதான் அம்மிணி. நாலாம் நாளு வந்துரு.”

எழவு வீட்டில் போய்வருகிறேன் என்றும் சொல்லக்கூடாது. பேசாமல் திரும்பி நடந்தார்.

சந்து முனையில் வண்டியை எடுக்கும்போதுதான் ஹெல்மெட் ஞாபகம் வந்தது. திரும்பி வந்தார். கதவு சாத்தியிருந்தது. படியில் இருந்த ஹெல்மெட்டைக் குனிந்து எடுத்தபோது உள்ளே அகல்யாவின் குரல் கேட்டது.

“போயிட்டாரும்மா. கண்ணைத் தொற. இரு, நாடிக்கட்டை அவுத்துர்றேன்.”

ஒரு இருமல். அப்புறம் ஈனமாக ஒரு கிழட்டுக் குரல்: “எத்தனை நாளு குடுத்தாங்க சாமி?”

“மூணு நாளும்மா.”

சின்னராஜ் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

“மூணு நாளா?” உள்ளே அகல்யா விசும்புவது கேட்டது. “அழுகாத சாமி. அதுக்குள்ள நானு போய்ச் சேந்துர்றேன்.”