நாற்பது கதவுகள்

"என்னம்மா இது? ரொட்டியை எதுல சுத்திக் கொடுக்கறீங்க?"

ரொட்டிக்கடை அம்மா நிமிர்ந்து பார்த்தார். "பேப்பர்ல சார்."

"எந்தப் பேப்பர்ல?"

"நீங்க கொடுத்ததுதான். உள்ளே மெழுகுத்தாள் இருக்கு. வெளியே சும்மா ஒரு சுத்து."

சும்மா ஒரு சுத்து! பத்து நாள் உட்கார்ந்து நான் எழுதிய துண்டறிக்கை அது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆட்களைத் தயார்படுத்துகிற விழிப்புணர்வு அலுவலர் நான். தையல் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் சந்து என் பொறுப்பு. நாற்பது அறைகள். எல்லாம் வெளியூரிலிருந்து பிழைக்க வந்த தையல்காரர்கள். போன கணக்கெடுப்பில் அங்கே மொத்தம் அறுபத்தொரு பேர் என்று பதிவு. அந்த அறுபத்தொரு பேருக்குத்தான் தண்ணீர் லாரி வரும். வந்த பத்தாவது நிமிஷம் காலி. பாதிச் சந்து வெறுங்குடத்தோடு திரும்பும்.

'எல்லாரும் பேர் கொடுங்க, தண்ணி கூடும்.' சொல்ல வேண்டியது அவ்வளவுதான். நான் எழுதியது, 'குடியிருப்போர் அனைவரும் தத்தம் விவரங்களைத் தவறாது அளித்திடுதல் தலையாய கடமையாகும். தவறும் பட்சத்தில்...'

படித்துப் பார்த்த என் மனைவி கேட்டாள். "ஏங்க, இது கணக்கெடுப்பா, ஜப்தி நோட்டீஸா?"

"உனக்கு நல்ல தமிழ் தெரியாது" என்றேன்.

சந்துக்கும் மூன்று தடவை நேரில் போனேன். கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் ஃபைல், முகத்தில் அரசாங்கம். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். நான் தட்டியதும் ரேடியோவும் சேர்ந்து ஊருக்குப் போய்விடும். ஒரு கதவும் திறக்கவில்லை.

அறைக்கு நாலு பேர்தான் என்பது வீட்டுக்காரர் கண்டிஷன். இருந்ததோ பத்து, பதினோரு பேர். கணக்குக் கொடுத்தால் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவாரோ என்று பயம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் நினைத்தது, 'சொன்னால் புரியாத கூட்டம்.'

அதனால்தான் ஐந்நூறு துண்டறிக்கைகளை ரொட்டிக்கடையில் வைத்து, வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். இந்த அம்மா பொட்டலம் கட்டுகிறார்.

"எவ்வளவு பெரிய விஷயம் இது! உங்களுக்கு ரொட்டி சுத்தவா அச்சடிச்சோம்?"

"எல்லார் கைக்கும் போய்ச் சேருதே சார்."

"எதிர்ப்பேச்சு பேசாதீங்க!"

கடையில் நின்ற நாலைந்து பேர் ரொட்டியோடு நழுவினார்கள்.

நேரே சுகாதாரப் பிரிவுக்குப் போய், அச்சடித்த தாளில் உணவுப் பண்டம் விற்கிறார்கள் என்று புகார் எழுதிக் கொடுத்தேன். அதையும் நல்ல தமிழில்தான். மறுநாளே கடைக்கு மூன்று நாள் பூட்டு. அந்த வருஷம் என் எழுத்துக்குக் கிடைத்த முதல் பலன் அது.

கணக்கெடுப்பு நாள் வந்தது. கணக்கெடுக்க வந்த பெண்ணோடு சந்துக்குள் நுழைந்தேன். "யாரும் திறக்க மாட்டாங்க. மனசைத் தளர விட்டுடாதீங்க" என்று அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே முதல் கதவைத் தட்டினேன்.

திறந்தது.

"வாங்க சார்." உள்ளே பதினோரு பேர், குளித்துத் தலை சீவி, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த கதவும் திறந்தது. அதற்கடுத்ததும். சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்பது கதவு. மேலதிகாரி போனில் கூப்பிட்டார்.

"உங்க துண்டறிக்கை பிரமாதமா வேலை செஞ்சிருக்குய்யா!"

"ஏதோ என்னால முடிஞ்சது சார்" என்றேன், கூச்சமே இல்லாமல்.

கடைசி அறையையும் சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு பேர். அந்த அறையில்தான், கதவின் உள்பக்கம் என் துண்டறிக்கை ஒட்டியிருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் போனேன். திருப்பி ஒட்டியிருந்தார்கள். பின்பக்கத்தில் பேனாவால் நாலு வரி. எனக்குத் தெரியாத எழுத்து.

"இது என்னம்மா?"

"ரொட்டி அக்கா எழுதினது" என்றாள் அங்கிருந்த தையல்காரப் பெண். "எங்க பாஷை. தமிழ் பேச வரும் சார். படிக்க வராது. இங்க யாருக்கும் வராது."

யாருக்கும்! ஐந்நூறு பிரதி!

"என்ன எழுதியிருக்கு?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்காகிட்டயே கேளுங்க."

கேட்டேன்.

"நானும் அவங்க ஊர்ப் பொண்ணுதான் சார். கல்யாணமாகி இங்கே வந்து தமிழ் படிக்கக் கத்துக்கிட்டவ" என்றார் ரொட்டிக்கடை அம்மா. "முதல் வரி, இந்தக் கணக்கு வீட்டுக்காரர் கைக்குப் போகாதுன்னு. உங்க தாள்ல அடியில பொடி எழுத்துல போட்டிருந்தீங்களே, அதான். ரெண்டாவது, தலைக்குத் தலை தண்ணி கூடும்னு. மூணாவது, நானும் பேர் கொடுக்கறேன்னு. வியாபாரத்துக்கு நடுவுல கொஞ்சம் கொஞ்சமா எழுதி ரொட்டியோட அனுப்பினேன். கடை பூட்டியிருந்த மூணு நாள்ல மீதியை எழுதி, வீடு வீடாப் போய்க் கொடுத்துட்டு வந்தேன்."

"அம்மா... அந்தப் புகார் கொடுத்தது நான்தான்."

"தெரியும் சார்" என்றார் அவர், ரொட்டி அடுக்குவதை நிறுத்தாமல். "அன்னைக்கு நீங்க கத்தினதை எல்லாரும் பார்த்துட்டாங்க, அப்புறம் எப்படிக் கதவைத் திறப்பாங்க? அதான் நாலாவது வரி சேர்த்தேன். 'வர்றவர் கொஞ்சம் முன்கோபி. ஆனா நல்ல மனுஷர், பயப்படாம திறங்க'ன்னு."